மாதிரி நீராவி என்ஜினுக்கு வண்ணம்: தூரிகையா, ஸ்பிரேயா, ஏர்பிரஷ்ஷா, எதுவுமே வேண்டாமா?

வீட்டில் ரயில் லேஅவுட் வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "மாதிரி நீராவி என்ஜின் ஒன்று கிடைத்திருக்கிறது. கைப்பிடிக் கம்பி, விளக்கு, எண் பலகையெல்லாம் வைத்துப் புதிதாக வண்ணம் பூசப் போகிறேன். ஏர்பிரஷ் வாங்கிவிடலாமா?" காற்றழுத்தத்தால் பெயின்டை மெல்லியதாகத் தெளிக்கும், பேனா போன்ற அந்தக் கருவியைக் கேட்பவர் மனத்துக்குள் ஏற்கெனவே வாங்கிவிட்டார். நம்மிடம் எதிர்பார்ப்பது ஒரு தலையாட்டலை மட்டுமே. நான் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவதில்லை. கேட்பவர்களில் பலருக்கு இப்போதைக்கு ஏர்பிரஷ் தேவையில்லை. சிலருக்கு வண்ணமே தேவையில்லை. உண்மையாகவே ஏர்பிரஷ் இல்லாமல் முடியாது என்னும் நிலையில் இருப்பவர்களோ, பெரும்பாலும் தூரிகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் நம் ஊர்த் தண்டவாளங்களில் ஓடிய மூன்று என்ஜின்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950 முதல் உருவான சரக்கு என்ஜின் டபிள்யூ.ஜி. கறுப்பு, கரி, எண்ணெய், அவ்வளவுதான். இரண்டாவது, 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்து இறங்கத் தொடங்கிய பயணிகள் என்ஜின் டபிள்யூ.பி. தோட்டா முனை போன்ற மூக்கும் அதன்மேல் வெள்ளி நட்சத்திரமும் இதன் அடையாளம். மூன்றாவது, நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தது. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் கட்டப்பட்டது. நிறம் நீலம்.

இவற்றின் மாதிரிகள் கடையில் தயாராக, அட்டைப்பெட்டியோடு கிடைப்பது அரிது. பித்தளையில் செய்தது, 3டி அச்சில் எடுத்தது, அமெரிக்க அல்லது ஜெர்மன் பிளாஸ்டிக் என்ஜினை வெட்டித் திருத்தியது என ஏதோ ஒரு வழியில்தான் கைக்கு வரும். எந்த வழியில் வந்தது என்பதும் முடிவைப் பாதிக்கிறது.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

பூச்சின் கனம். மாதிரி ரயில்களின் எச்ஓ அளவு என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. மாதிரியின் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் ஏறினால், நிஜ என்ஜினின் மேல் 8.7 மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் துருத்தி நிற்கும் ரிவெட் தலை, மாதிரியில் 0.11 மில்லிமீட்டர் உயரம்தான். இரண்டு கோட்டிங் கூடிப்போனால் ரிவெட் வரிசை மங்கிவிடும், கொதிகலனைச் சுற்றிய பட்டைகளின் ஓரம் மழுங்கிவிடும். நிறம் கொஞ்சம் தவறினால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். கனம் கூடினால் அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும்.

உடலின் பொருள். பித்தளையில் சாதாரணப் பெயின்ட் பிடிக்காது. உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்னும் அடிப்பூச்சு வேண்டும். பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடித்துவிடும், ஆனால் கடுமையான தின்னர் அதைக் கரைத்துவிடும். 3டி அச்சில் வந்த ரெசினைக் கழுவிப் புற ஊதா ஒளியில் முழுமையாகக் கெட்டிப்படுத்தியிருக்க வேண்டும். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் எந்தப் பெயின்டும் அதன்மேல் நிற்காது.

நிறம். மங்கலான கறுப்பு நிறையக் குறைகளை மன்னிக்கும். வெள்ளி மன்னிக்காது. மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை எளிதில் மூடா. பளபளப்பான எந்த நிறமும் ஒவ்வொரு கோடு கீறலையும் ஊருக்குச் சொல்லும்.

எண்ணிக்கை. ஒரு என்ஜினா, ஒரு ஷெட் நிறையவா?

இடமும் வானிலையும். பால்கனி உண்டா? சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரா? ஐப்பசி மழையில் வேலை செய்யப் போகிறீர்களா? வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு இதுவே பாதிப் பிரச்சினை.

பின்வாங்கும் வழி. பிடிக்காவிட்டால் பூச்சைக் கழற்ற முடியுமா? அக்ரிலிக் பெயின்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் எடுத்துவிடும். டெட்டாலில் ஓர் இரவு ஊறவைத்தாலும் பல பெயின்ட்கள் தோல் உரிவதுபோல் வரும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஊறியதை நேராகத் தண்ணீரில் காட்டினால் கரைந்த பெயின்ட் பிசினாக மாறி இண்டு இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். முதலில் பழைய பல்துலக்கியால் டெட்டாலிலேயே தேய்த்துவிட்டு, அதன் பிறகே தண்ணீர். கார்களுக்கு அடிக்கும், ஹார்டனர் கலந்த இரட்டைக் கலவைப் பெயின்ட் இதற்கெல்லாம் அசையாது.

## ஒட்டு வேலையே பூச்சு வேலையைத் தீர்மானிக்கிறது

என்னென்ன உறுப்புகளைக் கூட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிவையுங்கள். பிளாஸ்டிக் உருவில் கைப்பிடிக் கம்பிகள் கொதிகலனோடு சேர்ந்தே புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தால், அவற்றை உளி முனைக் கத்தியால் சீவிவிட்டு, 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு, 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போடுவதுதான் முதல் வேலை. 0.4 மில்லிமீட்டர் நிஜத்தில் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் ஆகிறது. கை பிடிக்கும் கம்பிக்குச் சரியான பருமன். கம்பிக்கும் கொதிகலனுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்த மறுகணமே பொம்மை என்ஜினாகிவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக வேறு எந்த உறுப்பும் இல்லை. பிரேக்குக்கான வாக்குவம் குழாயும் முகப்பு விளக்கும் அடுத்தபடியாக வரும். மற்றவை உங்கள் பொறுமையைப் பொறுத்தவை.

அந்த வெளிச்சம் தெரியும் இடைவெளிதான் பூசுபவருக்குத் தலைவலி. கம்பி பொருத்திய பிறகு தூரிகையை உள்ளே விட்டால், கம்பியைத் தாங்கும் சிறு குமிழ்களின் அடியில் பெயின்ட் குளம்போல் தேங்கி, காய்ந்ததும் மச்சமாக நிற்கும். தெளிக்கும் முறைகளில் இந்தத் தொல்லை கிடையாது. தூரிகைதான் என்று முடிவு செய்தவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: துளைகளைப் போட்டுவைத்து, கொதிகலனைப் பூசி முடித்து, தனியாகக் கறுப்படித்த கம்பியைக் கடைசியில் செருக வேண்டும்.

பூசும் முன்பே ஒட்ட வேண்டியவை: குழாய்கள், படிகள், வால்வுகள், உடலின் நிறத்திலேயே இருக்கப்போகும் எல்லாம். பூசிய பின் வைக்க வேண்டியவை: விளக்குக் கண்ணாடி, ஜன்னல், எண் பலகை, டிரைவரும் ஃபயர்மேனும், டெண்டரில் (என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டி) கொட்டும் நிலக்கரித் துகள். ஜன்னல் கண்ணாடிக்கு சூப்பர் குளூவைத் தொடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஃபெவிகால் போதும்.

பித்தளை உரு என்றால் பற்றவைத்த இடத்தில், பற்றவைக்கத் தடவிய ஃபிளக்ஸ் பசை மிச்சம் இருக்கும். அதன்மேல் அடித்த பெயின்ட் சில மாதங்களில் கொப்புளிக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும். கறுத்துப்போன பழைய பித்தளைக்கு நம் வீட்டுப் புளியே நல்ல மருந்து. நார் எதுவும் மூலையில் ஒட்டாமல் அலசிவிட வேண்டும். கழுவிய பின் வெறும் விரலால் தொடக் கூடாது.

## 1. பூசாமல் விடுவது

யாரும் இதை ஒரு வழியாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தொழிற்சாலைப் பூச்சு, தூரிகையால் எட்ட முடியாத அளவு மெல்லியதாக, ஒரே சீராக இருக்கிறது. அதில் நமக்குப் பிடிக்காதது பெரும்பாலும் நிறமல்ல, பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு. அரை மங்கல் வார்னிஷ் மெல்லியதாக ஒரு கோட்டிங் தெளித்தாலே அது அடங்கிவிடும்.

அதற்குமேல் செய்ய வேண்டியதெல்லாம் கை வேலை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் மென்மையான பாஸ்டல் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, பழுப்பும் சாம்பலும் கலந்து, சக்கரத்துக்கு மேலும் படிகளிலும் புகைபோக்கியைச் சுற்றியும் மெத்தென்ற தூரிகையால் தடவலாம். இணைப்புத் தண்டுகளின் ஓரத்தில் 6பி பென்சிலின் தூளை விரலால் தேய்த்தால் தேய்ந்த இரும்பின் பளபளப்பு வந்துவிடுகிறது. கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்பதால் மின்தொடு தகடுகளின் பக்கம் போகவிடக் கூடாது.

மறைமுகச் செலவு எண்ணை மாற்றுவதில் இருக்கிறது. அச்சிட்ட எண்ணை, ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்த இடம் வழுவழுவென்று மின்னும். வார்னிஷ் அதை மறைத்துவிடும், ஆனால் அவசரப்பட்டு அழுத்தினால் அடியிலுள்ள கறுப்பும் சேர்ந்து வந்துவிடும்.

உடலை வெட்டியிருந்தால், பட்டி வைத்திருந்தால், பித்தளை உறுப்புகள் நிறைய ஏறியிருந்தால் இந்த வழி மூடிவிட்டது. மூன்று விதப் பரப்புகளை ஒன்றாக்க முழுப் பூச்சு வேண்டும். பெட்டியோடு பிற்காலத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும், கைவைக்காத என்ஜினுக்கே விலை அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

## 2. தூரிகை

தூரிகைக்கு இருக்கும் கெட்ட பெயர் நியாயமற்றது. நல்ல தட்டைத் தூரிகை, நன்கு நீர்த்த அக்ரிலிக், மூன்று நான்கு மெல்லிய கோட்டிங், ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுதாகக் காய விடும் பொறுமை, இவை இருந்தால் மங்கலான கறுப்பில் தூரிகைத் தடம் தெரியாது. பாதி காய்ந்த ஓரத்தை மறுபடி தொடுவதுதான் தடத்துக்குக் காரணம். விட்டுப்போன இடத்தை அடுத்த கோட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் வெயிலில் இதற்கு ஓர் உபரிச் சிக்கல் உண்டு. கத்திரி வெயிலில் மின்விசிறியைச் சுழலவிட்டுப் பூசினால், அக்ரிலிக் தூரிகையிலேயே காய ஆரம்பித்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே பூசுங்கள், அல்லது காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் துளி கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் சார்ந்த எனாமல் பெயின்ட் தானாகவே சமமாகப் பரவி நிற்கும், தடம் இன்னும் குறைவு. ஆனால் காய ஒரு நாள் கேட்கும், அந்த ஒரு நாளில் வீட்டுத் தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். பூசியதும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவையுங்கள்.

கறுப்பு பூசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. புட்டியிலிருந்து எடுத்த தூய கறுப்பை அப்படியே பூசாதீர்கள். சிறிய பொருளின் மேல் அது எல்லா வடிவங்களையும் விழுங்கிவிடும். சாம்பல் கலந்த கறுப்பு வேண்டும். டாமியா நிறுவனப் பெயின்ட்களில் எக்ஸ்எஃப்-69 என்னும் நேட்டோ பிளாக் இதற்காகவே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. இது எல்லா முறைக்கும் பொருந்தும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தூரிகை வேண்டியிருக்கும். கேபின் உட்புறம், வால்வுச் சக்கரங்கள், முன் பலகையின் சிவப்பு, விளக்கு விளிம்பு எல்லாம் தூரிகை வேலைதான். ஆகவே நல்ல தூரிகை இரண்டு வாங்குவதை யாரும் வீண் செலவென்று சொல்ல முடியாது. மறைமுகச் செலவு நேரம் மட்டுமே. ஒரு டெண்டர் என்ஜினைத் தூரிகையால் முழுதும் பூசுவது வார இறுதி வேலையல்ல.

## 3. ஸ்பிரே டப்பா

பிரைமருக்கும் வார்னிஷுக்கும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, என்ஜினுக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, அதைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். என்ஜினின் மேலேயே தொடங்கினால் முதல் துப்பலின் சொட்டு அங்கேயே விழும். முதல் கோட்டிங் பனிபோல் மெலிதாக இருந்தால் போதும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தெடுத்தால் துளி இன்னும் நுணுக்கமாகும். அடுப்பின் பக்கமோ கொதிநீருக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது, அது வெடிக்கும்.

சாம்பல் நிற பிரைமர் அடித்த கணத்தில், அதுவரை கண்ணுக்குத் தெரியாத பட்டிக் குழிகளும் உப்புத்தாள் கீறல்களும் வெளியே வந்து நிற்கும். வேறெந்த முறையில் பூசினாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

இனி இதன் எதிரியைப் பார்ப்போம். டப்பாவிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் ஈரப் பெயின்டின் மேலேயே படிந்துவிடுகிறது. கறுப்பு என்ஜின் திருநீறு பூசியதுபோல் வெளுத்துப்போகும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது விளையாட்டல்ல. மழை விட்டு வெயில் ஏறிய முற்பகலில் மட்டும் அடிப்பது, அல்லது அடித்த உடனே, குளிர்சாதனம் ஓடி ஈரம் குறைந்த அறையில் காயவைப்பது தவிர வேறு வழியில்லை. பெயின்ட் புகையோடு அந்த மூடிய அறைக்குள்ளேயே அடிக்கச் சொல்லவில்லை. ஜன்னலோரமாக அடித்து, காய்வதற்கு உள்ளே வையுங்கள்.

மறைமுகச் செலவுகள்: நிறத் தேர்வு குறைவு. கறுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு கிடைக்கும்; நீலகிரியின் நீலம் கிடைக்காது. அழுத்தமும் தீப்பற்றும் தன்மையும் உள்ள பொருள் என்பதால் விமானத்தில் அனுப்பமாட்டார்கள். இணையத்தில் வாங்கினால் தரைவழியாக வரும்வரை காத்திருப்பு. வாகனங்களுக்கான மலிவு டப்பாக்கள் சில பிளாஸ்டிக்கைச் சுருக்கிவிடும். என்ஜினின் அடிப்பக்கத்தில் ஒரு துளி சோதித்த பிறகே மேலே போங்கள். எனாமல் பூச்சின்மேல், கடுமையான கரைப்பான் கொண்ட லாக்கர் டப்பாவை அடித்தால் சுருக்கம் விழும் வாய்ப்பும் இருக்கிறது. ஒரே குடும்பத்துப் பெயின்ட்களைச் சேர்த்துப் பழகுவது நல்லது. வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை ஒருமுறை அழுத்துங்கள். செய்யாவிட்டால் முக்கால் டப்பா பெயின்டோடு முனை அடைத்துக்கொள்ளும்.

## 4. ஏர்பிரஷ்

நன்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிக மெல்லிய பூச்சு, நாமே கலந்த எந்த நிறமும், விரும்பிய இடத்தில் மட்டும் தெளிக்கும் கட்டுப்பாடு. அடிப்பூச்சுக்காக இதை வாங்குகிறார்கள். ஆனால் அதன் உண்மையான மதிப்பு அழுக்கில்தான் இருக்கிறது. சக்கரங்களின் மேலும் சட்டத்தின் கீழ்ப்பகுதியிலும் தண்டவாளத் தூசியின் பழுப்பை மூடுபனிபோல் ஏற்றுவது, புகைபோக்கியிலிருந்து கூரை வரை கரியைப் படரவிடுவது, இந்த இரண்டையும் வேறு கருவி இவ்வளவு இயல்பாகச் செய்வதில்லை. அடிக்கறுப்பை டப்பாவும் அடித்துவிடும்.

வாங்குவதென்றால் இரட்டைச் செயல் விசை (அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் பெயின்ட்), மேலே கிண்ணம் உள்ளது, 0.3 மில்லிமீட்டர் ஊசி. என்ஜின் வேலைக்கு இதற்குமேல் யோசிக்க வேண்டாம். தொட்டியும் அழுத்தக் கட்டுப்பாடும் உள்ள கம்ப்ரஸர் வேண்டும். 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 5 முதல் 8 சென்டிமீட்டர் தூரம், நீர்த்த பாலின் பதத்தில் பெயின்ட். கைக்குள் அடங்கும் பேட்டரி கம்ப்ரஸர்களின் விளம்பரம் இப்போது எங்கும் தென்படுகிறது. தூசியும் கரியும் ஏற்றுவதற்கு அவை போதும். முழு உடலையும் சீராகப் பூசுவதற்கு அவற்றின் காற்றை நம்பமாட்டேன்.

செலவு கருவியோடு நிற்பதில்லை. கடலோர ஊரில் கம்ப்ரஸர் காற்றோடு தண்ணீரையும் பிழிந்தெடுக்கும். ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால், பூச்சின் நடுவே திடீரென்று ஒரு நீர்த்துளி வந்து தெறிக்கும். தொட்டியின் அடித் திருகைத் திறந்து அவ்வப்போது நீரை வெளியேற்ற வேண்டும். கரைப்பான் பெயின்ட் என்றால் துணி முகமூடி உதவாது, ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடி வேண்டும். அக்ரிலிக் என்றாலும் தெளிப்பின் நுண்துளி நுரையீரலுக்கு ஆகாது. வளைந்த ஊசிக்கு மாற்று ஊசி, சுத்தம் செய்யும் திரவம், வெளியேற்று விசிறி என்று பட்டியல் நீளும். எல்லாம் சேர்ந்தால் இன்னொரு என்ஜின் வாங்கும் பணம் ஆகிவிடலாம்.

பணத்தைவிடப் பெரிய செலவு கழுவுதல். ஒரு டெண்டரின் பக்கவாட்டைப் பூசப் பத்து நிமிடம் என்றால், கருவியைப் பிரித்துக் கழுவி மாட்ட அதற்குமேல் ஆகும். நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் இதே கதை. கழுவச் சலிப்பவர்களின் ஏர்பிரஷ் சில வாரங்களில் அடைத்துக்கொண்டு அலமாரிக்குப் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பத்து மணிக்குக் கம்ப்ரஸரை ஓட்டினால் கீழ்வீட்டுக்காரரும் உங்கள் பொழுதுபோக்கைத் தெரிந்துகொள்வார். பழகும் காலத்தில் பழைய சோப்பு டப்பாக்களின் மேல் நிறைய அடித்துத் தள்ள வேண்டும். நேராக என்ஜினில் பழகலாம் என்று எண்ணுபவர்கள் டெட்டால் பாட்டிலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

## 5. வண்டிப் பட்டறையில் கொடுப்பது

"தெருமுனைப் பட்டறையில் காருக்கே அடிக்கிறார்கள், இந்தச் சின்ன என்ஜினுக்கு அடிக்கமாட்டார்களா?" என்றும் கேட்கிறார்கள். அடிப்பார்கள். அவர்களுடைய துப்பாக்கியின் முனை ஒரு மில்லிமீட்டருக்கு மேல். வேலையே கார் கதவின் அளவில்தான். ரிவெட் வரிசை ஒரே வீச்சில் புதைந்துவிடும். பிளாஸ்டிக் உரு அந்தத் தின்னரைத் தாங்காது. அந்தப் பூச்சை டெட்டாலும் கழற்றாது. வேண்டாம்.

ஆனால் அதே தெருவில் உள்ள வாகனப் பெயின்ட் கடை உபயோகமானது. புகைப்படத்தையோ நிற மாதிரியையோ காட்டினால் பொருந்தும் நிறத்தைக் கலந்து தருவார்கள். பித்தளை உருவின்மேல், தகுந்த தின்னரில் நீர்த்து, ஏர்பிரஷ்ஷில் அடிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பூசாமல் | தூரிகை | ஸ்பிரே டப்பா | ஏர்பிரஷ் |
|---|---|---|---|---|
| பூச்சின் கனம் | தொழிற்சாலைக் கனம் + வார்னிஷ் | கையைப் பொறுத்தது | நடுத்தரம் | மிக மெல்லியது |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | குறைவு | குறைவு | அதிகம் |
| மறைந்த செலவு | எண் மாற்றும் உழைப்பு | நேரம் | வானிலைக்குக் காத்திருப்பு | கழுவுதல், முகமூடி, பயிற்சி |
| நிறத் தேர்வு | இருப்பதே | ஏராளம் | சில நிறங்கள் | எல்லாம் |
| மழைக்காலத்தில் | வார்னிஷ் மட்டும் கவனம் | தடையில்லை | தவிர்க்கவும் | வடிகட்டி இருந்தால் சரி |
| கம்பிகள் நிறைந்த உருவுக்கு | ஏற்றதல்ல | கடினம் | ஏற்றது | ஏற்றது |
| யாருக்கு | கறுப்பு பிளாஸ்டிக் என்ஜின் | ஒரே என்ஜின், நிறையப் பொறுமை | ஒரே நிறம், ஓரிரு என்ஜின் | பல நிறம், பல என்ஜின், அழுக்கு வேலை |

## மூன்று என்ஜின்களுக்கும் என் தீர்ப்பு

டபிள்யூ.ஜி. பிளாஸ்டிக் உருவிலிருந்து செய்ததானால், அதிகம் வெட்டாதவரை பூசாதீர்கள். கைப்பிடிக் கம்பி, விளக்கு, நிலக்கரி, மங்கல் வார்னிஷ், பாஸ்டல் சாக்பீஸ் தூள். வேலை செய்து களைத்த சரக்கு என்ஜினுக்கு வழவழப்பான புதுப்பூச்சு பொருந்தவும் பொருந்தாது. வெட்டி ஒட்டியிருந்தால் சாம்பல் பிரைமர், கறுப்பு, வார்னிஷ் என மூன்று டப்பாவில் வேலை முடிந்தது. இதற்காக மட்டும் ஏர்பிரஷ் வாங்குவது வீண்.

டபிள்யூ.பி. உடல் கறுப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். சோதனை மூக்கில் இருக்கிறது. நடுவில் விளக்கு, அதைச் சுற்றிக் கூம்பின் மேல் விரியும் நட்சத்திரக் கதிர்கள். வெள்ளிப் பெயின்டில் இருப்பவை உலோகச் செதில்கள். தூரிகை போகும் திசையில் அவை வரிசைகட்டிக் கோடு விழும். அதனால் கறுப்பின்மேல் வெள்ளி வரைவதைவிட, முழு மூக்கையும் முதலில் வெள்ளியாகத் தெளித்து, கதிர்களை நாடாவால் மறைத்து, பிறகு கறுப்பு அடிப்பது சுத்தமாக வரும். அகலமான நாடா கூம்பின் வளைவில் படுக்காமல் மடிந்து நிற்கும். கண்ணாடித் துண்டின்மேல் நாடாவை ஒட்டி, புது பிளேடால் கதிரின் கூர்மைக்கு வெட்டி, ஒவ்வொரு கதிராக ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். கறுப்பு அடிக்கும் முன், அதே வெள்ளியை இன்னொரு முறை மிக மெலிதாகத் தெளித்தால், நாடாவின் அடியில் கசிவதும் வெள்ளியாகவே கசிந்து ஓரம் அடைபட்டுவிடும். இதையெல்லாம் டப்பாவிலேயே செய்யலாம். மூக்கைக் கழற்றித் தனியாகப் பூச முடிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

நீலகிரி எக்ஸ். மூன்றில் இதற்குத்தான் ஏர்பிரஷ் என்று தயங்காமல் சொல்வேன். நீலம் டப்பாவில் கிடைக்காது, கலந்துதான் ஆக வேண்டும். வெளியே இரண்டு பக்கமும் நீராவி உருளைகள் (சிலிண்டர்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. மேலுருளைகள், மலையேற நடுத்தண்டவாளப் பற்களில் பதியும் பல்சக்கரத்தை இயக்க, கீழுருளைகள் சாதாரணச் சக்கரங்களை இயக்குகின்றன. தண்டுகளும் குழாய்களும் பின்னிக் கிடக்கும் அந்த இடத்துக்குள் தூரிகையை விட்டால் வெளியே வரும்போது எதையாவது வளைத்துக்கொண்டுதான் வரும். நீலம் காய்ந்த பிறகு அதே கருவியால் எண்ணெய்க் கறையையும் கரியையும் ஏற்றலாம். இந்த ஒரு என்ஜின்தான் உங்கள் திட்டம் என்றால், ஏர்பிரஷ் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருவது மலிவு. கூடவே ரயில் பெட்டிகளுக்கும் நீலமும் க்ரீமும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள்.

எழுத்தும் எண்ணும் நீரொட்டிகளாக (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களாக) வந்தால் மங்கல் பரப்பின்மேல் நேராக ஒட்டாதீர்கள். சொரசொரப்பில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி விளிம்பு தெரியும். பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் எழுத்து, அதற்குமேல் அரை மங்கல் வார்னிஷ், இதுதான் வரிசை.

எந்த முறையானாலும் தெளிக்கும் முன் மோட்டாரையும் சக்கரத் தொகுதியையும் கழற்றி வையுங்கள். கழற்ற முடியாதவற்றின் தொடுபரப்பை நாடாவால் மூடுங்கள். சக்கர விளிம்பில் மெல்லிய வார்னிஷ் படிந்தாலே என்ஜின் திக்கித் திக்கி ஓடும். ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்துவிட்டுத் தண்டவாளத்தில் ஏற்றுங்கள். எனாமல் தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே மெத்தென்றுதான் இருக்கும். ஒரு வாரமாவது வெளியே நிற்கட்டும். அதற்குள் பெட்டிக்குள் வைத்தால் ஸ்பாஞ்சின் துளைகள் அத்தனையும் கொதிகலன் மேல் அச்சாகப் பதிந்துவிடும்.